பிள்ளைகளிடம் பிடிகொடுக்காமல் சொந்த வீட்டில் இருப்பது எப்படி?

(பேராவூரணி வட்டாரப் பெரியவர்களுக்கு மட்டும். படித்ததும் அரிசிப் பானைக்குள் வைக்கவும். பிள்ளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.)

எழுபதைத் தாண்டியவருக்கு எதிரிகள் மூன்று: சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பாசம். முதல் இரண்டுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கும். மூன்றாவது சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சோழிங்கநல்லூரிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் வரும்.

“ஏம்ப்பா, தனியாக் கெடந்து என்ன பண்ணப் போறீங்க? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க.”

போனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பதினோராவது மாடி. மூடிய ஜன்னல். காலை எட்டரைக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி எட்டு வரை நீங்களும் ஃபிரிட்ஜும் மட்டும். இங்கே தேங்காய் வெட்டுக்கு ஆள் வந்தால் எண்ணிக்கையில் சண்டை போடலாம். டீக்கடையில் ஆட்சியைக் கவிழ்க்கலாம். நீலகண்டப் பிள்ளையார் கோயில் வரை போய் ஆறேழு பேரிடம் முழங்கால் வலியைச் சொல்லி, அவர்கள் வலியையும் வாங்கிக்கொண்டு திரும்பலாம். அங்கே வலியைக் கேட்கக்கூட ஆளில்லை.

நாம் சில்லறைக் கூட்டமும் இல்லை. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புப்படி 2021-இல் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்கு 13.6 பேர்; 2031-இல் 18.2 ஆகும் என்கிறார்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். கட்சி ஆரம்பிக்க இது போதும். ஆனால் பேச்சு அரசியலைப் பற்றியதில்லை, வீட்டைப் பற்றியது. இந்த வீட்டில் நாமே ராஜாவாக இருக்க வேண்டுமென்றால் கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிக்கவும்.

விதி 1: விழாதீர்கள். ஆட்சி போய்விடும்

பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரே ஒரு சாக்கு. ஒரு தடவை விழுந்தீர்களானால் மறுநாள் மகன் டிக்கெட் போடுவான், மருமகள் பெட்டி அடுக்குவாள், மகள் அழுவாள். ஆகவே விழாமல் இருப்பதை உடம்பு விஷயமாக நினைக்காதீர்கள். அது ராஜதந்திரம்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6.84 லட்சம் பேர் விழுந்து சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் அறுபது தாண்டியவர்கள்தான் அதிகம். தென்னை மரத்திலிருந்தும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் விழுவதைத்தான் நாம் விபத்து என்கிறோம். நம்மை வீழ்த்தும் இடம் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் இடையில் உள்ள பத்தடி.

அந்தப் பத்தடியை இன்று சாயங்காலம் ஒரு முறை எதிரி நாட்டு ஒற்றன் போல நடந்து பாருங்கள். முதலில் காலில் சுற்றும் கொசுவலை. பிறகு பாட்டன் காலத்து நிலைப்படி, முக்கால் அடி உயரம். அடுத்து மடிந்து கிடக்கும் மிதியடி. கொல்லைப்பக்கம் இறங்கினால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மழைக்காலம் முடிந்தும் போகாத பச்சைப் பாசி. நிலைப்படியை இடிக்க முடியாவிட்டால் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். மிதியடியைத் தூக்கி எறியுங்கள். பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்; நீங்கள் தேய்க்க வேண்டாம், அதுவே ஒரு சாக்கு ஆகிவிடும்.

பிறகு குளியலறை. மகன் பணம் அனுப்பிப் போட்ட டைல்ஸ் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறது. சோப்புத் தண்ணீர் பட்டால் அதில் முகம்தான் முதலில் இறங்கும். சொரசொரப்பான டைல்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பாய் போதும். முக்கியமானது பிடி. பெரும்பாலான வீடுகளில் துண்டு போடுகிற கம்பிதான் பிடியாகவும் வேலை பார்க்கிறது. அது இரண்டு சின்ன ஸ்குரூவில், பூச்சுக்குள் அரை அங்குலம் மட்டும் போய் நிற்பது. ஒரு ஆள் பாரம் விழுந்தால் கம்பி, ஸ்குரூ, சுண்ணாம்புப் பட்டை, ஆள் என்ற வரிசையில் தரைக்கு வரும்.

ஹார்டுவேர் கடையில் கைக்குள் அடங்கும் கனத்தில் எவர்சில்வர் பிடி கேளுங்கள். செங்கல் வரை துளை போட்டு போல்ட் அடிக்கச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. மாட்டியதும் கொத்தனாரையே தொங்கிக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் கூலியை நீங்களும் தயங்கிக் கொடுக்கலாம்.

மகன் வீடியோவில் பார்த்து “என்னப்பா இது, ஆஸ்பத்திரி மாதிரி?” என்றால், “துண்டு போடறதுக்குடா” என்று சொல்லவும்.

விதி 2: விடிவதற்கு முன் வீரம் வேண்டாம்

ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்தம் காலிலேயே நின்றுவிடும். தலைக்கு வந்து சேர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில்தான் கண் இருட்டி, கதவு இரண்டாகத் தெரிந்து, ஆள் சாய்வது. ராணுவத்தில் இருந்தவரும் சரி, கபடி ஆடியவரும் சரி, முதலில் உட்காருங்கள். காலைத் தொங்கப்போட்டு ஆட்டுங்கள். முருகா என்று நிதானமாக நாலு தடவை சொல்லுங்கள். பிறகு எழுந்திருங்கள். நாத்திகர் ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணிக்கொள்ளலாம்.

நீர் பிரிய மாத்திரை தந்திருந்தால் அதைக் காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். ராத்திரி போட்டுவிட்டு மூன்று தடவை எழுந்து நடப்பது, விழுவதற்கு மூன்று சீட்டு வாங்குவது. விளக்கு சுவிட்ச் கட்டிலில் படுத்தபடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கதவோரம் ஒரு சின்ன ராத்திரி விளக்கு. தலையணைக்கடியில் டார்ச். மின்வாரியத்தை நம்பிக் கட்டிலை விட்டு இறங்காதீர்கள்.

விதி 3: குடை வேறு, தடி வேறு

நம் பக்கத்து ஆண்களுக்குத் தடி என்றால் மானக்கேடு. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் மடக்காத நீளக் குடையை ஊன்றிக்கொண்டு போகிறவரைக் கண்டால் முழங்கால் போய்விட்டது என்று அர்த்தம். ஊருக்கே தெரியும், அவர் மட்டும் “மேகம் கட்டிருக்கு” என்பார்.

குடைக்கு அடியில் ரப்பர் புஷ் கிடையாது. இரும்பு முனை சிமெண்டுத் தரையில் வழுக்கும். தடிக்குப் புஷ் உண்டு, தேய்ந்தால் மாற்றலாம். தடியின் தலை, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்க வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது கால் வலிக்கு வலது கையில் தடி ஊன்றி ஆண்டுக்கணக்கில் நடந்தவர்கள் ஊரில் ஏராளம். கேட்டால் “பழகிப்போச்சு” என்பார்கள். கவுரவம் தடுத்தால் வெள்ளிப்பூண் போட்ட தடி வாங்குங்கள். மிராசுதார்கள் அதைத்தான் பிடித்தார்கள். அவர்களுக்கும் முழங்கால் வலிதான்.

விதி 4: ஏறாதீர்கள்

இருபது வயதில் தளை மாட்டி மரம் ஏறினீர்கள். அந்தப் புகழை வைத்துக்கொண்டு இன்று பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறாதீர்கள். மரம் நிலையாக நிற்கும், நாற்காலி நிற்காது. பரணில் இருக்கும் பித்தளை அண்டா இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறது, இன்னும் இருக்கும். பல்பு மாற்ற எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடுங்கள். கூலி இரண்டு தேங்காய். ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டால் நூறு தேங்காய் கொடுத்தாலும் லாபம்.

இன்னொன்று: தோப்பில் மரத்தடி நிழல் சுகமாக இருக்கும், காய்ந்த மட்டை சொல்லிவிட்டு விழாது. நாற்காலியை வரிசைக்கு நடுவே போடுங்கள்.

விதி 5: விழுந்தால் மறைக்காதீர்கள்

இத்தனை சொல்லியும் விழுந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கிறது. “கதவு இடிச்சிருச்சு” என்று சொல்லலாமென்று தோன்றும். சொல்லாதீர்கள். பேராவூரணியில் நீங்கள் தரையிலிருந்து எழுவதற்குள் செய்தி சிங்கப்பூர் போயிருக்கும். அத்தாச்சி மகளுக்குச் சொல்வார், மகள் நாத்தனாருக்குச் சொல்வாள், நாத்தனார் உங்கள் மருமகளோடு ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார். சேதி அங்கே போய்ச் சேரும்போது நீங்கள் மாடியிலிருந்து விழுந்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு மாடியே இல்லை என்பது அப்போது எடுபடாது.

நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: “தொட்டிகிட்ட வழுக்குச்சு. அடி ஒண்ணும் இல்ல. பிடி போட ஆள் சொல்லிட்டேன்.” தப்பையும் அதற்குப் பரிகாரத்தையும் ஒரே மூச்சில் சொன்னவரை யாராலும் பெட்டி கட்ட வைக்க முடியாது. இடுப்பில் வலி, காலை ஊன்ற முடியவில்லை என்றால் மட்டும் இந்த ராஜதந்திரம் எல்லாம் வேண்டாம். நாட்டு வைத்தியரைத் தேடி ஆட்டோவில் குலுங்காமல், உடனே 108.

விதி 6: கேமராவை வரவேற்று வாசலுக்கு அனுப்புங்கள்

அடுத்த லீவில் மகன் ஒரு கேமராவோடு வருவான். நடுக்கூடத்தில் மாட்டுவான். அதன்பின் நீங்கள் வெற்றிலை போட்டால் துபாயிலிருந்து, “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று குரல் வரும். கேமராவுக்குப் பார்க்கத் தெரியும், தூக்கிவிடத் தெரியாது. விழுந்ததைத் துபாயில் இருந்து தெளிவாகப் பார்த்துவிட்டு அவன் கூப்பிடப் போவது எதிர்வீட்டைத்தான். அந்த எதிர்வீட்டை நாமே நேரடியாக ஏற்பாடு செய்துகொண்டால் ஆயிற்று.

ஜப்பான்காரர்கள் இதில் நமக்கு அண்ணன். அங்கே 2001-இல் ஒரு நிறுவனம் வெந்நீர்க் கெட்டில் ஒன்றை விற்பனைக்கு விட்டது. தனியாக இருக்கும் பெரியவர் டீக்குத் தண்ணீர் பிடித்தால் வெளியூர்ப் பிள்ளைக்குத் தகவல் போய்விடும். அதற்கும் முன்னால், 1972-லிருந்தே, யாகுல்ட் என்ற பால் பானம் விற்கும் பெண்கள் தனியாக இருக்கும் பெரியவர்களின் கதவைத் தட்டி நலம் விசாரித்து வந்தார்கள்.

நம்மிடம் கெட்டில் இல்லாவிட்டால் என்ன, கோலம் இருக்கிறது. ஆறரைக்கு வாசல் தெளிக்காமல் கிடந்தால் எதிர்வீட்டு மதினி எட்டிப் பார்ப்பார். ஏழு மணிக்குப் பால் பாக்கெட் திண்ணையிலேயே இருந்தால் பால்காரர் குரல் கொடுப்பார். டீக்கடை பெஞ்சில் உங்கள் இடம் காலியாக இருந்தால், கடனைத் திருப்பித் தர வேண்டியவர்கூடத் தேடுவார். இதை அப்படியே விட்டுவிடாமல் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: “மதினி, ஏழு மணிக்கு மேல கதவு தொறக்கலன்னா நீங்க தொறங்க.” மாற்றுச் சாவி ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டால் சாவி வீண். குளியலறைக்கு வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். பத்து போன் நம்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் சுவரில் எழுதுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தபோது அக்கம்பக்கத்தின் அருமையைப் பார்த்தோம். தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. போன் செத்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் டி.வி. பார்த்து அழ, இங்கே பெரியவர்களுக்குக் கைகொடுத்தது அடுத்த வீடும் அடிபம்பும்தான். அதற்காகக் கேமராவை வேண்டாமென்று சொல்லி மகன் மனதை நோகடிக்காதீர்கள். வாசலைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள். மாடு வந்தால் தெரியும்.

விதி 7: அரசாங்கத்தை வீட்டுக்கு வரவழையுங்கள்

பெரியவர்கள் அரசாங்கத்தைத் தேடிப் போய் வரிசையில் மயங்கி விழுந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அரசாங்கமே வரத் தயாராக இருக்கிறது. நாம்தான் “எதுக்கு அவங்களுக்குச் சிரமம்” என்று இருந்துவிடுகிறோம். சிரமப்படட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பைப் பார்த்து, மாத்திரையையும் வீட்டிலேயே கொடுக்கிற திட்டம். உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் யார் என்று தெரிந்து, வந்தால் மோர் கொடுத்துச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12-இல் 70 தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எனத் தொடங்கியது. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றை 2014 நவம்பரிலிருந்து டிஜிட்டலாகவும் கொடுக்கலாம்; தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போய் உயிரை விட வேண்டியதில்லை.

முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. தகுதி இருந்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது 14567, முதியோர் உதவி எண், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. “ஒங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, அதுல போதைப்பொருள், நாங்க சி.பி.ஐ.” என்று வீடியோவில் ஒருவன் மிரட்டினால் போனை வைத்துவிட்டு 1930. சி.பி.ஐ. வாட்ஸ்அப்பில் கைது செய்வதில்லை.

விதி 8: கண்ணும் மாத்திரையும்

கண்ணில் புரை இருந்தால் நிலைப்படிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தும் பயனில்லை. “இன்னும் முத்தட்டும்” என்று காத்திருக்க அது பலாப்பழம் இல்லை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், 58 வயதில், மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையால் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். கண் சிகிச்சை முகாமுக்கு ஒரு நாள் போய்வர நமக்குச் சோம்பல்.

மாத்திரை விஷயத்தில் நம் ஊரில் பொதுவுடைமை நிலவுகிறது. “எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நீயும் ரெண்டு போட்டுப் பாரு” என்று திண்ணையில் கைமாறும். மகள் அனுப்பிய சத்து மாத்திரை, மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை, லேகியம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். எது எதோடு சண்டை போடுகிறது என்று அவர் சொல்வார். முதியோர் மருத்துவம் என்று ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-இலேயே அதற்கு வழி வகுத்தார். “வயசாச்சுன்னா அப்படித்தான்” என்று ஒரு டாக்டர் சொன்னால் இன்னொருவரைப் பாருங்கள்.

விதி 9: பத்திரத்தைப் பத்திரமாக

“எழுதி வச்சிட்டா நிம்மதிப்பா” என்று ஒரு நாள் பேச்சு வரும். யாருக்கு நிம்மதி என்று கேளுங்கள். உயில் எழுதலாம், உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றிக்கொண்டே இருக்கலாம், பிள்ளைகளும் மரியாதையாக இருப்பார்கள். தானசெட்டில்மெண்டு எழுதிப் பதிந்துவிட்டால் வீடு அன்றைக்கே கைமாறியது.

அப்படியே எழுதினாலும் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவருக்குச் சொத்து திரும்பக் கிடைத்தது; மகன் எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழித் தாள் அவருக்குக் கைகொடுத்தது. ஆகவே பத்திரத்திலேயே “கடைசிவரை இந்த வீட்டில் வசிக்கும் உரிமை, சாப்பாடு, வைத்தியம்” என்று எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் “அதெல்லாம் எதுக்கு, நம்ம புள்ளதான” என்றால், அவர் தன் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று விசாரிக்கவும். தகராறு வந்தால் பட்டுக்கோட்டையில் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம். ஜீவனாம்சம் மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பக்கத்து ஊர்தான். ஆனாலும் அந்த பஸ்ஸில் ஏறாமல் இருப்பதே நல்ல குடும்பம்.

விதி 10: நிபந்தனைகளை நீங்களே எழுதுங்கள்

கடைசியில் ஒரு நாள் வரும். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பீர்கள். பேரன் பெயர் சட்டென்று வாயில் வராது. அந்த நாளை நினைக்காமல் இருந்தால் அது வராது என்பதில்லை. கடைமடையில் பிறந்தவர்கள் நாம். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக் கால்வாயில் எப்போது வரும் என்று கணக்குப் போட்டே விதை விட்டவர்கள். இதற்கும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். புத்தி தெளிவாக இருக்கும்போது, நீங்களே உட்கார்ந்து, ஒரு முழுப் பக்கத் தாளில் எழுதுங்கள்.

ஒன்று: சமைக்க முடியாவிட்டால் சமையலுக்கு ஆள். குளிக்க முடியாவிட்டால் உதவிக்கு ஆள். சம்பளம் பிள்ளைகள் எல்லோரும் சமமாக. யார் தருவது என்ற விவாதம் என் காதுபடக் கூடாது.

இரண்டு: உடம்புக்கு வந்தால் முதலில் எந்த ஆஸ்பத்திரி, யாரைக் கூப்பிடுவது, பணம் எந்த வங்கியில். பீரோ சாவி எங்கே என்பது மகளுக்கு மட்டும்.

மூன்று: இரண்டு ஆட்களாலும் சமாளிக்க முடியாவிட்டால் வருகிறேன். இழுத்துக்கொண்டு போக வேண்டாம், நானே வருகிறேன்.

நான்கு: வந்தால் கீழ்த்தள வீடு, அல்லது லிஃப்ட் ஒழுங்காக ஓடும் வீடு. கக்கூசில் பிடி. டி.வி. ரிமோட் பகலில் என்னிடம்.

ஐந்து: பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். லீவு இல்லை என்ற பதில் ஏற்கப்படாது.

ஆறு: தேங்காய்க் கணக்கு கடைசிவரை என்னிடம்.

கையெழுத்துப் போட்டு இரண்டு நகல் எடுங்கள். ஒன்று மூத்த மகனுக்கு. இன்னொன்று எதிர்வீட்டு மதினிக்கு. அவசரத்தில் முதலில் பிரிக்கப்படுவது மதினியின் நகல்தான். எனவே அவருடைய போன் நம்பர் மாறினால் மகனுக்குச் சொல்ல மறக்காதீர்கள்.